சித்திரைக்கு மாசியிலேயே எழுதி வையுங்கள்

என் சித்தி சுங்குடிச் சேலை விற்கிறார். மதுரையில் தெற்கு மாசி வீதிக்குப் பக்கத்துச் சந்தில், வீட்டு முன்னறைதான் கடை. இன்ஸ்டாகிராமில் இன்றைக்கு என்ன போடலாம் என்ற யோசனை அவருக்குக் காலையில்தான் வரும். பத்து மணிக்கு ஆள் வரத் தொடங்கினால் போன் ஜன்னல் திண்டிலேயே கிடக்கும். நாலு நாள் ஒன்றும் இருக்காது. ஐந்தாம் நாள் பதினைந்து படம் வந்து விழும். இதைச் சீர்படுத்த எங்களுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. அதில் கற்றதைத்தான் எழுதுகிறேன். பூ, பலகாரம், தையல் என்று எந்தச் சிறு தொழிலுக்கும் இது பொருந்தும்.

முதல் வேலைக்குப் போன் வேண்டாம். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரையும் ஒரு நாற்பது பக்க நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வியாபாரம் தமிழ் மாதத்தில்தான் ஓடுகிறது; எந்த மாதத்தில் எது விற்கும் என்று எழுதி வையுங்கள். சுங்குடி வெயில் காலத்துச் சேலை. பங்குனியும் சித்திரையும்தான் அதற்கு அறுவடை. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனில் டீச்சர்கள் பருத்திச் சேலை தேடுவார்கள். ஆடியில் தள்ளுபடி, புரட்டாசியில் நவராத்திரி, ஐப்பசியில் தீபாவளி. உங்கள் தொழிலுக்கு மாதங்கள் வேறு மாதிரி இருக்கும். விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவருக்கு ஆவணியே கடைசி. மல்லிகை கட்டுகிறவருக்கு மார்கழியில் பனியால் பூ வரத்து குறைந்து விலை ஏறும். அந்த மாதம் அவர் போட வேண்டியது, விலை ஏன் ஏறியது என்று சொல்லும் ஒரு சின்ன வீடியோ.

அடுத்து, திருவிழா நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாணத்துக்குக் கட்ட ஒரு சேலை வேண்டும் என்றால் பிளவுஸ் தைக்கப் பத்து நாள், பார்சல் போய்ச் சேர ஐந்து நாள், வீட்டில் நாலு பேரிடம் காட்டி முடிவெடுக்க ஒரு வாரம். இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது. அப்படியானால் முதல் படம் பங்குனியிலேயே போயாக வேண்டும். அதை மாசியில் எடுத்திருக்க வேண்டும். அதே திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் விற்பனைப் படம் போட்டுப் பயனில்லை. ஊரே தெருவில் நிற்கும். அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதுதான் அன்றைக்குப் பேச்சு. பச்சைப் பட்டென்றால் அந்த வருடம் செழிக்கும் என்று நம்புகிற ஊர் இது. உங்களிடம் இருக்கும் பச்சைச் சேலைகளை மட்டும் சேர்த்து ஒரு படம், விலை போடாமல், வாழ்த்தாக முந்தின நாளே ஷெட்யூல் செய்துவிடுங்கள்; இன்ஸ்டாகிராமிலேயே அந்த வசதி இருக்கிறது.

வாரத்துக்கு மூன்று பதிவு போதும். ஒன்று சரக்கு, ஒன்று வேலை நடக்கும் விதம், ஒன்று வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்குப் பதில். தினமும் போடச் சொல்பவர்கள் தனியாகக் கடை நடத்திப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

இந்த மூன்றில் அதிகம் பார்க்கப்படுவது இரண்டாவது. அதற்குத்தான் நேரம் செலவழியுங்கள். சுங்குடிக்குப் புள்ளி வைத்த இடத்தில் துணியை நகத்தால் ஒரு சிட்டிகை கிள்ளி, நூலைச் சுற்றி இறுக்கி முடிவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயம் ஏற்றிக் காயவைத்தபின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தால், படபடவென்று முடிச்சுகள் தெறித்து அவிழும். நூல் கட்டியிருந்த இடமெல்லாம் வெள்ளை வளையமாகப் பூக்கும். இருபது நொடிகூட ஆகாது. இதைப் பக்கத்தில் போய், ஒரே ஷாட்டாக, அந்தச் சத்தத்தோடு எடுங்கள். மேலே சினிமாப் பாட்டு போட வேண்டாம். பிசினஸ் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் பெரும்பாலான பாட்டுகளைத் தருவதுமில்லை. முடிகிற அக்காவின் கையை எடுக்கிறீர்கள் என்றால் அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்; முகம் வேண்டாம் என்றால் கை மட்டும் போதும்.

படம் எடுக்க வாரத்தில் ஒரே நாள் வைத்துக்கொள்ளுங்கள். சித்திக்குச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் நிழல். நேர் வெயிலும் ஆகாது, டியூப் லைட்டும் ஆகாது. இதை நஷ்டப்பட்டுத்தான் கற்றோம். ஒருமுறை இரவில் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த அரக்குச் சேலை படத்தில் நல்ல சிவப்பாகத் தெரிந்தது. வாங்கியவர் திருப்பி அனுப்பினார். போக வர பார்சல் செலவு எங்கள் தலையில். அன்றிலிருந்து ஃபில்டர் தொடுவதில்லை. முந்தானை, கரை, உடல் என்று மூன்று படம், கூடவே கையில் பிடித்து ஒன்று. கோபுரம் பின்னணியில் வேண்டுமென்றால் சித்திரை வீதியில் நின்று எடுங்கள். மீனாட்சி கோயிலுக்குள் 2018 முதல் செல்போனுக்கு அனுமதியில்லை.

எழுதும்போது நீங்கள் கடையில் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். ஒரு பாட்டி வந்து, “ஏத்தா, இது கையில முடிஞ்சதா, அச்சா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அப்படியே தலைப்பாக்கினோம். கையால் முடிந்த புள்ளி ஒன்றுபோல் ஒன்று இருக்காது, தொட்டால் லேசாகச் சுருங்கியிருக்கும். மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும் வரிசை பிசகாமல் தட்டையாக இருக்கும். அச்சுச் சேலை விற்பதில் தவறில்லை. ஆனால் அச்சு என்று எழுதி விற்க வேண்டும். மதுரை சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த முத்திரையைப் போட்டுக்கொள்ள, பயன்படுத்தும் உரிமையைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்யாமல் படத்தில் ஒட்டாதீர்கள். விலையை வெளிப்படையாகப் போடுங்கள். “விலைக்கு இன்பாக்ஸ் வரவும்” என்றால் பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள்.

இன்ஸ்டாகிராம் பார்க்க வைக்கும்; விற்பது வாட்ஸ்அப்தான். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் கேட்டலாக் போட்டு, விற்றுப்போனதை அன்றன்றே நீக்குங்கள். பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். அதனால் பில் போடும்போதே, “நம்ம நம்பரை சேவ் பண்ணிக்குங்க அக்கா, புதுசு வந்தா அனுப்புறேன்” என்று சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்பவர்களை லிஸ்ட்டில் சேர்க்காதீர்கள்.

ஞாயிறு இரவு அந்த நோட்டைத் திறந்து இரண்டே விஷயம் எழுதுங்கள்: எந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஆள் வந்தது, திரும்பத் திரும்ப எதைக் கேட்டார்கள். எத்தனை லைக் என்று சித்தி எழுதுவதில்லை. போன வாரம் அவர் நோட்டில், “சாயம் போகுமா?” என்று ஏழு பேர் கேட்டதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மாடியில் ஒரு வாளித் தண்ணீரில் நீலச் சேலையை நனைத்து, பிழிந்த தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டப் போகிறோம்.