மலிவான கறியை மதிப்பாக ஆக்கும் முறை



நமது மடலில் வழக்கமாக வியாபாரம், வரி, பிள்ளைகளின் படிப்பு முதலிய விஷயங்களே வருகின்றன. இம்முறை அடுப்பங்கரை விஷயம் ஒன்றை எழுதத் துணிந்தேன். நான் பெரும் படிப்பாளி அல்லன். மதரஸாவில் ஓதியதும், ஆறாம் வகுப்பு வரை படித்ததும், இருபத்தைந்து வருஷமாக ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்ததுமே என் கல்வி. சமையற்காரனும் அல்லன். எனினும், மாட்டுக் கறியைப் பற்றிய பாடம் ஒன்றை வெட்கப்பட்டுக் கற்றேன். அந்த வெட்கம் மற்றவர்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நடந்தது

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எங்கள் ஜவுளிக்கடையைச் சாத்தும்படி ஆயிற்று. வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. வீட்டில் ஐந்து பேர். கடைப் பையன்கள் இருவர். அவர்களுக்கும் நம் வீட்டில்தான் சாப்பாடு. வழக்கமாக வாங்கும் நல்ல சதைக் கறியை விட்டுவிட்டு, விலை குறைந்த கெண்டைக்கால் கறி ஒரு கிலோ வாங்கினேன். முழங்காலுக்குக் கீழே எலும்பைச் சுற்றியிருக்கும் சதை அது. மலாய்க்காரர்கள் 'கெத்திங்' என்பார்கள்.

வழக்கம்போலச் சிறு துண்டுகளாக நறுக்கி, மசாலை கூட்டி, பெரு நெருப்பில் தளதளவென்று ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தோம். பல்லில் வைத்தால் செருப்புத் தோல்தான். பிள்ளைகள் மென்று பார்த்துத் தட்டோரத்தில் ஒதுக்கினார்கள். சட்டியில் இருந்த கறியும் ஒரு கிலோ போலத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. கைமுடையான காலம், கோபத்துக்குக் கேட்க வேண்டுமா?

மறுநாள் இறைச்சிக் கடைக்குப் போய், வரிசையில் நின்றவர்கள் காதுபட, "கிழட்டு மாட்டைக் கொடுத்தீர்கள், நிறையிலும் குறைத்தீர்கள்" என்று சொன்னேன். எனக்குப் பின்னால் நின்ற இருவர் ஒன்றும் பேசாமல் வேறு கடைக்கு நடந்தார்கள். அந்தக் கடைக்காரர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர் குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, எத்தனை மணி நேரம் ஆக்கினீங்க?" என்று கேட்டார்.

"ஒரு மணி நேரம், நானா."

"கெண்டைக்கால் கறிக்கு மூணு மணி நேரம் வேணும், சின்ன நெருப்பிலே. நிறை குறைஞ்சது என்றீங்க. உங்க கடையிலே வாங்கின பருத்தித் துணி முதல் தண்ணியிலே சுருங்கினா, நீங்க அளவிலே குறைச்சீங்கன்னு அர்த்தமா?"

எனக்குப் பதில் வரவில்லை. இதே குற்றச்சாட்டை வாடிக்கைக்காரர்களிடம் எத்தனை முறை கேட்டு மனம் நொந்திருக்கிறேன்! மீண்டும் ஒரு கிலோ வாங்கினேன். வீட்டுத் தராசில் நிறுத்தேன்: 1,000 கிராம், சரியாக இருந்தது. அவர் சொன்ன முறைப்படி ஆக்கி, கறித் துண்டுகளை மட்டும் எடுத்து நிறுத்தேன்: 660 கிராம். குறைந்தது தராசால் அன்று, நெருப்பால்.

காரணம் என்ன?

மாட்டின் உடம்பில் அதிகம் உழைக்கும் பாகங்கள் கால், கழுத்து, தோள். உழைக்கும் சதையில் ஜவ்வு அதிகம். முதுகின் உட்புறத்துச் சதை அதிகம் உழைப்பதில்லை. ஆகவே அது மெதுவாக இருக்கிறது, விலையும் கூடுகிறது. கெண்டைக்கால் மாட்டின் பாரத்தையெல்லாம் சுமந்து நடந்த பாகம்; ஆதலின் கடினம், ஆதலின் மலிவு.

அந்த ஜவ்வில் கொலாஜன் என்ற பொருள் இருக்கிறது. சூடு சுமார் 60 டிகிரிக்கு மேல் ஏறும்போது கொலாஜன் சுருங்கத் தொடங்கிச் சதையை இறுக்குகிறது. சதை நாரும் சுருங்கி, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. நிறை குறைவதன் காரணம் இதுவே. சூடு 70 டிகிரியைத் தாண்டி நீண்ட நேரம் நின்றால், அதே கொலாஜன் தண்ணீரோடு சேர்ந்து மெல்லக் கரைந்து ஜெலட்டின் ஆகிறது. ஆணம் கெட்டியாகி, உதட்டில் ஒட்டும்படி வருவது அதனால்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வெளியேறிவிடுகிறது. ஜவ்வோ இன்னும் கரையவில்லை. கறி மிகவும் கடினமாக இருப்பது அந்த வேளையில்தான். நான் அடுப்பை அணைத்தது சரியாக அந்த வேளையில். பெரு நெருப்பில் கொதிக்க விட்டாலும் பயனில்லை. நார் வறண்டு பிரியுமே தவிர, ஜவ்வு கரையக் காலம் வேண்டும். அவசரக்காரனுக்கு இந்தக் கறி இணங்காது.

வேண்டிய சாமான்கள் (ஏழு பேருக்கு)

கெண்டைக்கால் கறி 1 கிலோ, பெரிய வெங்காயம் 4, பூண்டு 8 பல், இஞ்சி இரண்டு அங்குலத் துண்டு, காய்ந்த மிளகாய் 8, மல்லித்தூள் 2 மேசைக் கரண்டி, சோம்புத்தூள் 1 தேக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி. பட்டை விரலளவு, கிராம்பு 4, ஏலம் 3, அன்னாசிப்பூ 1. இனிப்புக் கிச்சாப் 3 மேசைக் கரண்டி, உப்புக் கிச்சாப் 1 மேசைக் கரண்டி, நெல்லிக்காயளவு புளி, எண்ணெய் 4 மேசைக் கரண்டி, உருளைக்கிழங்கு 4. கிச்சாப் புட்டியில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குக.

செய்முறை

1. கறியைக் கழுவி நீரை வடித்து, துணியால் ஈரம் ஒற்றி எடுக்கவும். நாருக்குக் குறுக்கே, இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டவும். மூன்று மணி நேரம் வேக வேண்டிய கறியைச் சிறிதாக நறுக்கினால் துணுக்காகிவிடும். உள்ளே ஓடும் ஜவ்வை எடுத்து எறிய வேண்டாம், கொழுகொழுப்பெல்லாம் அதில்தான்.

2. அடிகனமான சட்டியில் எண்ணெயைக் காய வைத்து, கறியை மூன்று தடவையாகப் பிரித்துப் போட்டு, எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து எடுக்கவும். ஒரே தடவையில் கொட்டினால் தண்ணீர் விட்டு அவிந்துவிடும்; சிவக்காது. சிவந்தால்தான் ஆணத்துக்கு நிறமும் ருசியும்.

3. அதே எண்ணெயில் பட்டை, கிராம்பு, ஏலம், அன்னாசிப்பூ போட்டு, நறுக்கிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும். அரைத்த இஞ்சி, பூண்டு, ஊறவைத்து அரைத்த மிளகாய் இவற்றைச் சேர்த்து, பச்சை வாசம் போய் எண்ணெய் பிரியும் வரை கிளறவும். தூள்களை இட்டு ஒரு நிமிஷம் புரட்டவும்.

4. ஒரு குவளை வெந்நீர் ஊற்றி, சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதை அகப்பையால் சுரண்டிக் கரைக்கவும். கறியைச் சேர்த்து, இரண்டு கிச்சாப்பும் புளிக்கரைசலும் ஊற்றவும். கறியின் தலை சற்றே தெரியும் அளவுக்கு வெந்நீர் போதும். தண்ணீரில் மூழ்கடித்தால் அது சூப்பு. உப்பு இப்போது வேண்டாம். கிச்சாப்பில் உப்பு உண்டு. கடைசியில் ருசி பார்த்துப் போடலாம்.

5. ஒரு கொதி வந்ததும் நெருப்பை ஆகக் குறைத்து, இறுக மூடவும். மூடியைத் திறந்து பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் வர வேண்டும், தளதளப்புக் கூடாது. அரை மணிக்கொரு தடவை அடிபிடிக்காமல் கிளறி, வற்றினால் வெந்நீர் மட்டும் சேர்க்கவும்.

6. இரண்டு மணி நேரம் கழித்து, இரண்டாக வெட்டிய உருளைக்கிழங்கைப் போடவும். மொத்தம் இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம். கரண்டியின் ஓரத்தால் அழுத்தினால் கறி தானே பிரிய வேண்டும். பிரியவில்லையா? கறியைக் குறை சொல்லாதீர்கள். இன்னும் அரை மணி நேரம் கொடுங்கள்.

வெள்ளைச் சோற்றுக்கும் நெய்ச்சோற்றுக்கும் பொருந்தும். பினாங்கு அன்பர்களுக்கு ரொட்டி பெங்காலியைத் தோய்த்துத் தின்னும் சுகத்தை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கவனிக்க வேண்டியவை

இந்தியாவிலிருந்து உறைந்து வரும் எருமை இறைச்சி இன்னும் மலிவு. அதிலும் இம்முறை செல்லும். முதல் நாள் இரவே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடவும். வெளியில் வைத்து இளக்க வேண்டாம். வேக அரை மணி நேரம் கூட ஆகலாம்.

நேரமில்லாதவர்கள் பிரஷர் குக்கரில் 40 நிமிஷம் வைத்து, ஆவி தானே அடங்கிய பிறகு திறக்கலாம். கிழங்கைத் தனியே வேக வைத்துச் சேர்க்கவும்.

மறுநாளைக்கு ருசி கூடும். ஆனால் நம் ஊர் வெப்பத்தில் இரவு முழுவதும் அடுப்பின்மேல் விட்டுவைக்கலாகாது. இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் சிறு பாத்திரங்களில் பிரித்துக் குளிர்ப்பெட்டியில் வைக்கவும். காலையில் ஆணம் உறைந்து அல்வாபோல் ஆடினால், ஜவ்வு முறையாகக் கரைந்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி. மேலே படிந்த கொழுப்பை எடுத்துவிட்டு, நன்றாகக் கொதிக்க வைத்துப் பரிமாறவும்.

கடை நடத்துவோருக்கு இது வசதியான சமையல். மாலை ஐந்து மணிக்கு வீட்டில் சட்டியை ஏற்றினால், கடை சாத்தி வரும்போது வாசலிலேயே வாசம் எதிர்கொள்ளும்.

முடிவு

அன்று கறி வெந்தது. ஒதுக்கித் தள்ளிய பிள்ளைகளே சட்டியை வழித்தார்கள். ஆனால் எனக்கு முதல் கவளம் இறங்கவில்லை. மறுநாள் காலையில் இறைச்சிக் கடைக்குப் போனேன். தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஆசைதான். ஆனால் பழியைச் சொன்னது நாலு பேர் நடுவில். திருத்துவதும் நாலு பேர் நடுவில்தானே நியாயம்? வரிசையில் நின்றவர்கள் கேட்க, "நானா, கறியும் சரி, நிறையும் சரி, ஆக்கத் தெரியாதவன் நான்" என்றேன். அவர் சிரித்து, ஒரு எலும்பைச் சும்மா போட்டுக் கொடுத்தார். முதல் நாள் வேறு கடைக்கு நடந்த அந்த இருவர் அன்று வரிசையில் இல்லை. அவர்களிடம் என் சொல் போய்ச் சேர்ந்ததா என்பது இன்றும் என் மனத்தில் முள்தான்.

சகோதரர்களே, நமக்கு முதல் என்பது சரக்கு மட்டுமன்று, பெயரும் முதலே. ஒருவருடைய சரக்கைக் குறை சொல்லுமுன், அதைக் கையாண்ட நம் கையை ஒரு முறை பார்த்துக்கொள்வோம். கெண்டைக்கால் கறிக்கு மூன்று மணி நேரம் பொறுக்கிறோம். வாயைத் திறக்குமுன் மூன்று நிமிஷம் பொறுப்பது பெரிதல்ல.

வஸ்ஸலாம்.