விற்ற சரக்கில் ஐபு இருந்தால்



"விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படாது" என்ற பலகை நம் கடைகள் பலவற்றில் தொங்குகிறது. மின்விசிறி, ஐஸ் பெட்டி, சோறு வடிக்கும் குக்கர் முதலியவற்றை விற்கும் நாம், அப்பலகை நம்மைக் காக்கும் என்று நம்புகிறோம். மார்க்கமும் அதற்கு இடந்தரவில்லை. நாட்டுச் சட்டமும் இடந்தரவில்லை.

நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்ததென்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காண மேலே வைத்திருக்கலாகாதா என்று நபியவர்கள் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. விற்கும்போதே இருந்த குறை பின்னர் தெரியவந்தால், வாங்கியவர் சரக்கைத் திருப்பலாம். ஃபிக்ஹு நூல்கள் இதனைக் கியாருல் ஐபு என்கின்றன.

இனி நாட்டுச் சட்டம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டுக்கென விற்கும் பொருள் தரமாகவும், சொன்ன வேலைக்கு உதவுவதாகவும் இருக்க வேண்டும். இப்பொறுப்பைப் பலகை எழுதியோ ரசீதில் அச்சிட்டோ விலக்க முடியாது.

உதாரணமாக, சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி ஓய்ந்த முதியவர், சேமிப்பிலிருந்து 1,200 வெள்ளி கொடுத்து ஐஸ் பெட்டி வாங்குகிறார். இரண்டாம் வாரமே குளிர் நின்றுவிடுகிறது. "கம்பெனிக்குப் போங்கள்" என்று நாம் கைகழுவலாகாது. விற்றவர் நாம், பதில் சொல்ல வேண்டியவரும் நாமே. நியாயமான காலத்துக்குள் பழுது பார்த்தோ, வேறு பெட்டி மாற்றியோ தர வேண்டும். நாம் மறுத்தாலும் வீணே இழுத்தடித்தாலும், அவர் வேறிடத்தில் பழுது பார்த்து அச்செலவை நம்மிடம் கேட்கலாம். அல்லது பெட்டியைத் திருப்பிப் பணத்தைக் கேட்கலாம்.

கொடாவிட்டால் அவர் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை, 3 ஆண்டுக்குள் வழக்கிடலாம். வக்கீல் வைத்து வாதாட இடமில்லை. கடைக்காரர் போகாதிருந்தாலும் தீர்ப்பு வரும். அதனை 14 நாளில் நிறைவேற்றாதிருப்பது குற்றமாகும்.

நமக்கும் பாதுகாப்பு உண்டு. விற்குமுன் எடுத்துச் சொன்ன குறைக்கும், வாங்கியவர் முறைகேடாகப் பயன்படுத்தியதால் வந்த பழுதுக்கும் நாம் பொறுப்பல்ல. ஆகவே:

1. சாமானை மின்சாரத்தில் ஓடவிட்டுக் காட்டிய பிறகே கொடுங்கள்.
2. பெயர், எண், தேதி குறித்த ரசீது கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.
3. சிறு குறை இருந்தால் ரசீதிலேயே எழுதி விலையைக் குறையுங்கள்.
4. புகார் வந்த நாளைக் குறித்துவைத்து, கம்பெனியிடம் நீங்களே பேசுங்கள்.

பயனீட்டாளர் உரிமை வணிகருக்குப் பகை என்று எண்ண வேண்டாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைப் பல்லாண்டு நடத்தி, 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்கள் நம்மைப்போல் தமிழ் முஸ்லிம் வணிகர்தாம்.

பழுதான பெட்டியை மாற்றிக் கொடுத்தால் அம்மாத லாபம் குறையலாம். முதியவரின் பணத்தைப் பிடித்துவைத்தாலோ அவருடைய ஹக்கு நம் கழுத்தில் நிற்கும். நாணயமாக வியாபாரம் செய்ய அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.