சீனிக்குப் பதில் வெல்லமா? கொஞ்சம் கணக்குப் போடுவோம்!



"வெள்ளைச் சர்க்கரை விஷம்; வெல்லம் அமிர்தம்" என்ற வசனம் கல்யாணப் பந்தியிலிருந்து நம்ம கேன்டீன் பெஞ்ச் வரைக்கும் ஒலிக்கிறது. டீக்கடையில் 'நாட்டுச் சர்க்கரை டீ' என்று தனியாக போர்டு தொங்குகிறது. கருப்பட்டிக் காபிக்கென்றே நெடுஞ்சாலை ஓரங்களில் கடைகள் முளைத்துவிட்டன. நம் மண்ணின் பண்டம் மறுபடி மதிப்புப் பெறுவதில் நமக்கும் சந்தோஷம்தான். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், பல வருஷமாகச் சுகர் மாத்திரை போடுகிற பெரியவர் "கருப்பட்டிதானே, அது ஒண்ணும் பண்ணாது" என்று காலையும் மாலையும் ஒரு டம்ளர் குடிக்கும்போது வருகிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. நம் வகுப்பில் எழுந்து நின்று கேட்டால் பாதிப் பேர் வீட்டில் ஒருவராவது இருப்பார் என்பது என் ஊகம். எனவே சமையல் குறிப்பாக மட்டும் இல்லாமல், டிப்ளமோ படிக்கிற நமக்கே உரிய முறையில் இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் கெமிஸ்ட்ரி

கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரை ஏறக்குறைய முழுக்க முழுக்க சுக்ரோஸ். 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு. ஒரு குளுக்கோசும் ஒரு ஃபிரக்டோசும் கைகோத்து நிற்பதுதான் சுக்ரோஸ். அமிலமோ, நம் குடலில் உள்ள என்சைமோ பட்டால் கை பிரிந்துவிடும். பிரிந்த இந்தக் கலவைக்கு 'இன்வர்ட் சர்க்கரை' என்று பெயர்.

சரி, வெல்லத்தில் என்ன இருக்கிறது? பெரும்பகுதி அதே சுக்ரோஸ். கூடவே கொஞ்சம் இன்வர்ட் சர்க்கரை, கொஞ்சம் ஈரம், கொஞ்சம் தாது உப்புகள், நிறமும் மணமும் தரும் பொருள்கள். கருப்பட்டியும் அப்படித்தான், கரும்புச் சாறுக்குப் பதில் பதநீர், அவ்வளவே. 100 கிராம் சீனியில் சுமார் 400 கிலோ கலோரி என்றால் வெல்லத்தில் 380-ஐ ஒட்டி வரும். அந்த வித்தியாசமும் பெரும்பாலும் ஈரத்தால் வருவது. வெல்லத்தின் இனிப்பு சீனியை விடச் சற்றுக் குறைவு என்பதால் ஒரு கப் சீனி போடுகிற இடத்தில் நம் அம்மாக்கள் ஒன்றேகால் கப் வெல்லம் போடுகிறார்கள். மிச்சம் பிடித்த கலோரி அங்கேயே போயாச்சு!

"இரும்புச் சத்து இருக்கே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. 100 கிராம் வெல்லத்தில் தாராளமாக 10 மில்லி கிராம் இரும்பு இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 20 கிராம் சாப்பிட்டால் 2 மில்லி கிராம். வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லி கிராம் இரும்பு வேண்டும் என்று 2020-ல் வெளியான இந்தியப் பரிந்துரை சொல்கிறது. அதை வெல்லத்திலேயே எடுக்கணும்னா தினம் கால் கிலோவுக்கு மேல் கடிக்க வேண்டும். கம்பு, கீரை, பயறு, அசைவம் என்றால் ஈரல், இவையெல்லாம் எதற்கு இருக்கின்றன?

இன்னொரு கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது: நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை மொத்த சக்தியில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2000 கிலோ கலோரி சாப்பிடுபவருக்கு இது முறையே 50 கிராம், 25 கிராம். தேனும் பழச்சாறும் இந்தக் கணக்கில் அடங்கும். முழுப் பழம் அடங்காது. ஹாஸ்டலில் நாளைக்கு மூணு டீ, டீக்கு ரெண்டு டீஸ்பூன், டீஸ்பூனுக்கு 4 கிராம் என்றால் 24 கிராம் டீயிலேயே முடிந்தது. நாட்டுச் சர்க்கரை டீ குடித்தாலும் இதே கணக்குதான்.

கருப்பட்டி ஏன் இவ்வளவு விலை?

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது தெர்மல் பாடக் கணக்கு. பதநீரில் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்குதான் சர்க்கரை; மீதி கிட்டத்தட்ட தண்ணீர். 10 கிலோ பதநீரில் 1.2 கிலோ கருப்பட்டி கிடைப்பதாகக் கொண்டால் 8.8 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு உள்ளுறை வெப்பம் 2257 கிலோ ஜூல். ஆக, கிட்டத்தட்ட 19,900. பதநீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இன்னும் சுமார் 2,900. மொத்தம் 22,800 கிலோ ஜூல். விறகின் வெப்ப மதிப்பு கிலோவுக்கு 15,000, அடுப்பின் திறன் 15 சதவீதம் என்று வைத்தால் கிலோவுக்கு 2,250 தான் பயனாகும். அதாவது ஒரு கிலோ சொச்சம் கருப்பட்டிக்குச் சுமார் 10 கிலோ விறகு! (நல்ல அடுப்பு ஒன்றை வடிவமைத்து இதைப் பாதியாக்கினால் அருமையான ப்ராஜெக்ட் ஆகும். யாராவது எடுங்கப்பா.)

இது அடுப்புக் கணக்கு மட்டும். சீசனில் தினமும் பனை மரம் ஏறிப் பாளை சீவும் உழைப்பை எந்த ஃபார்முலாவில் போடுவது? கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதும் வீண் சடங்கு இல்லை. சுண்ணாம்பு இல்லாவிட்டால் பதநீர் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் இந்த உழைப்புக்குத்தான் பெருமை.

விலை கூடிய பொருளில் கலப்படமும் கூடும். பாகில் சீனியைக் கரைத்து ஊற்றிக் 'கருப்பட்டி' என்று விற்பது செய்திகளில் அடிக்கடி அடிபடுகிறது. வெல்லத்திலும் பளிச்சென்ற மஞ்சள் நிறத்துக்காக ஹைட்ராஸ் என்கிற சோடியம் ஹைட்ரோசல்பைட் போடுகிறார்கள். கடையில் கருத்த, அழுக்கான மாதிரித் தெரியும் அச்சு வெல்லத்தை ஒதுக்கிவிட்டு மஞ்சளைத் தேடுகிறோம் பாருங்கள், அந்த வழக்கத்தை முதலில் விடணும்.

அடுப்பங்கரையில் என்ன நடக்கிறது?

நான் வெல்லத்துக்கு எதிரி இல்லை. சர்க்கரைப் பொங்கலைச் சீனியில் கிண்டிப் பாருங்கள், வாயில் வைக்க முடியாது. (பெயர் 'சர்க்கரை'ப் பொங்கல், உள்ளே போவது வெல்லம். வெள்ளைச் சீனி வருவதற்கு முன்பு சர்க்கரை என்றாலே இதுதான் போலிருக்கிறது.) வெல்லத்தையும் கருப்பட்டியையும் ருசிக்காகப் பயன்படுத்துங்கள் என்பதே என் கட்சி. அதற்கும் அதன் குணம் தெரிய வேண்டும்.

பலரும் மாட்டிக்கொள்வது பாலில்தான். கொதிக்கிற பாலில் வெல்லத்தைப் போட்டால் திரிந்துவிடும். வெல்லம் லேசான அமிலத் தன்மை உடையது. கூடவே தாது உப்புகளும் உண்டு. இவை சூட்டோடு சேரும்போது பாலின் கேசின் புரதம் கட்டி தட்டுகிறது. நம் லேபில் உள்ள பி.எச். தாளை வெல்லக் கரைசலில் நனைத்தும், சீனிக் கரைசலில் நனைத்தும் ஒப்பிட்டுப் பாருங்கள். வழி சுலபம்: வெல்லத்தைத் தனியே கரைத்து, கொதிக்கவிட்டு, மண் போக வடிகட்டி, பாயசம் அடுப்பை விட்டு இறங்கிச் சூடு தணிந்த பிறகு காய்ச்சி ஆறிய பாலைச் சேர்க்க வேண்டும். அல்லது பாட்டி வழியில் தேங்காய்ப் பால். வெல்லப் பாயசத்துக்குத் தேங்காய்ப் பால் என்ற பொருத்தத்தை யாரோ ஒரு புண்ணியவதி பி.எச். தாள் இல்லாமலே கண்டுபிடித்திருக்கிறார்!

அரிசியும் பருப்பும் குழைய வெந்த பிறகுதான் வெல்லம். முன்பே போட்டால் சர்க்கரை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், அரிசி விறைத்து நிற்கும். அதன் பிறகு எத்தனை விசில் விட்டாலும் பிரயோஜனம் இல்லை.

அடுத்தது பாகு. தண்ணீர் ஆவியாக ஆகக் கரைசல் செறிவாகி அதன் கொதிநிலை ஏறுகிறது. பதம் பார்ப்பது என்பது வெப்பநிலையைக் கையால் அளப்பதுதான். சர்க்கரைப் பாகு கம்பிப் பதத்தில் 106 முதல் 112 டிகிரி சென்டிகிரேடு வரை இருக்கும். தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருட்ட வருவது 112 முதல் 116 வரை. அதிரசத்துக்கு இதை ஒட்டி எடுக்க வேண்டும். தண்ணீரில் விட்ட துளி கல்லாகி டக்கென்று உடைவது 146-க்கு மேல். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாய் மொறுமொறுவென்று உடைவதற்குக் காரணம் வெல்லப் பாகை முற்ற விடுவதுதான்.

வெல்லப் பாகில் இன்வர்ட் சர்க்கரை இருப்பதால் அது சீக்கிரம் படிகமாகாது. அதிரசம் நாள்பட்டும் மெத்தென்று இருக்கும். அதே இன்வர்ட் சர்க்கரை ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் டப்பாவில் வெல்லம் கசிவது இதனால்தான். எண்ணெயில் சீக்கிரம் கருகவும் செய்யும், அதனால் அதிரசத்துக்கு அடுப்பு நிதானமாக எரிய வேண்டும்.

மற்ற மாற்றுகள்

தேனில் சுமார் 38 சதவீதம் ஃபிரக்டோஸ், 31 சதவீதம் குளுக்கோஸ், 17 சதவீதம் தண்ணீர். சர்க்கரைதான், ஏற்கெனவே பிரிந்த சர்க்கரை. கொதிக்க வைத்தால் மணம் போய்விடும். ஆறிய பண்டத்தில் கலப்பதே சரி. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நாக்கில் தேன் தடவும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் நுண்ணுயிர் வித்துகளைத் தாங்கும் குடல் அந்த வயதில் இல்லை.

பேரீச்சம்பழத்தில் பாதிக்கு மேல் சர்க்கரை, ஆனால் நார்ச்சத்தோடு வருகிறது. வறுத்த எள் ஒரு கப், வறுத்த வேர்க்கடலை அரை கப், கொட்டை நீக்கிய பேரீச்சை ஒரு கப், ஏலக்காய் ஒன்று. எள்ளையும் கடலையையும் கொரகொரப்பாகப் பொடித்து, பேரீச்சையைச் சேர்த்து இன்னொரு சுற்றுச் சுற்றினால் உருண்டை பிடிக்க வந்துவிடும். பாகும் வேண்டாம், அடுப்பும் அதிகம் வேண்டாம்; ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்தால் நாலு நாளைக்குத் தாங்கும் (ரூம்மேட் பார்க்காத வரை).

எனக்கு மிகவும் பிடித்தது, தென் மாவட்டத்தில் சீனிக்கிழங்கு என்று சொல்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அதில் உள்ள அமைலேஸ் என்சைம் 60 முதல் 75 டிகிரி வரை மும்முரமாக வேலை செய்து மாவுச் சத்தை மால்ட்டோஸ் சர்க்கரையாக மாற்றுகிறது. குக்கரில் சட்டென்று வேகவைத்தால் என்சைமுக்கு நேரம் கிடைக்காது. தணலில் மெதுவாகச் சுட்டால் தேனாக இருக்கும். முளைகட்டிய கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சும்போது தானாக ஒரு இனிப்பு தட்டுவதும் இதே வேலைதான். ஒன்றும் சேர்க்காமலே இனிப்பு! ஆனால் நீரிழிவுக்காரருக்கு மால்ட்டோசும் கணக்கில் வரும், அளவோடுதான்.

சீனித்துளசி தனி ஜாதி. பராகுவே நாட்டுச் செடி; அதன் இனிப்புப் பொருள் சீனியைப் போல 200 மடங்குக்கு மேல் இனிக்கும், கலோரி இல்லை. இந்தியாவில் 2015-ல் உணவில் சேர்க்க அனுமதி கிடைத்தது. ஆனால் சிட்டிகைப் பொடியில் பாகு காய்ச்ச முடியுமா? அதிரசமோ கடலை மிட்டாயோ சீனித்துளசியில் வராது. காபி, பாயசம் வரைதான் அதன் எல்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்த இம்மாதிரி இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை அந்த அறிவுரையில் சேர்க்கவில்லை. அவர்கள் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யலாம்.

வீட்டில் சுகர்காரர் இருந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சில நேரம் சர்க்கரை சடாரென்று இறங்கும்: வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். அப்போது சீனித்துளசி ஒரு உதவியும் செய்யாது. நினைவோடு இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூணு, நாலு டீஸ்பூன் அதே வெள்ளைச் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். 15 நிமிஷம் கழித்துப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடியும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.