கமராவுக்கு முன்னால் பரீட்சை

தெல்தெனிய

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தில் கோபம் நிறைய இருந்தது. அதில் பாதிக்கு மேல் நியாயமான கோபம். நிகழ்நிலையில் படிக்கும் பட்டப்படிப்புக்கு வீட்டு அறையிலேயே கமராவைத் திறந்துவைத்துப் பரீட்சை எழுதச் சொல்கிறார்கள், கண் இப்படி அப்படி அசைந்தாலும் சந்தேகப் பட்டியலில் பெயர் விழுகிறது, அதே நேரத்தில் உன்னோடு படிக்கிறவர்கள் வாட்ஸ்அப் குழுவில் விடைகளைப் பரிமாறிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். என்னைக் கள்ளியாகப் பார்க்கிற பரீட்சைக்கு நான் மட்டும் ஏன் நேர்மையாக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். கேள்வி பெரியது என்பதால் நீளமாகவே பதில் எழுதுகிறேன். மேற்பார்வை வேறு, மேற்பார்வை செய்கிற முறை வேறு. முறை பிழை என்றால் எதிர்த்து எழுது, நானும் உன் பக்கம் நிற்பேன். மேற்பார்வையே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே. வளாகத்துக்குள் கால் வைக்காமல், மலையில் இருந்துகொண்டு, போனிலும் மடிக்கணினியிலும் படித்துப் பட்டம் எடுக்கிறவர்களுக்குத்தான் அது மற்ற எல்லாரையும்விட அதிகம் தேவை.

வெளிவாரிப் பட்டத்தின் சரித்திரத்தைப் பார். 1858ஆம் ஆண்டு லண்டன் பல்கலைக்கழகம் தன் பரீட்சைகளை வெளியாருக்கும் திறந்துவிட்டது. எந்தக் கல்லூரியில் படித்தாய், யாரிடம் படித்தாய் என்று அது கேட்கவில்லை. பரீட்சையில் தேறினால் பட்டம் கிடைத்தது. நம் நாட்டில் 1921இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை லண்டன் பரீட்சைகளுக்குத்தான் மாணவர்களைத் தயார் செய்தது. கடல் கடந்து இங்கே எழுதிய ஒருவரின் பட்டத்துக்கு லண்டனில் இருந்து எழுதியவரின் பட்டத்துக்கு இருந்த மதிப்பே கிடைத்ததென்றால், அதற்கு ஒரே காரணம் இரண்டு பேரும் ஒரே வினாத்தாளை ஒரே கட்டுப்பாட்டில் எழுதினார்கள் என்ற நம்பிக்கைதான். பேராதனையில் நான்கு வருஷம் விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளையைப் பற்றி விரிவுரையாளருக்கு ஆயிரம் விஷயம் தெரியும். வகுப்பில் என்ன கேட்டாள், ஆய்வுகூடத்தில் எப்படிக் கைவைத்தாள் என்று சாட்சி சொல்ல ஆள் இருக்கிறது. 1980இல் தொடங்கிய நம் திறந்த பல்கலைக்கழகத்தின் மாணவருக்கோ, உன்னைப் போல நிகழ்நிலையில் படிக்கிறவருக்கோ அந்தச் சாட்சிகள் குறைவு. நீ படித்தாய் என்று உலகத்துக்குச் சொல்லப்போவது பரீட்சையும் ஒப்படையும்தான். அவற்றின் பெயர் கெட்டால் வளாகப் பட்டதாரிக்கு வேறு துணை இருக்கும். உனக்கு இருக்காது.

பரீட்சையின் பெயர் கெட்டால் யாருக்கு நட்டம் என்பதற்குத் தூரத்து உதாரணம் தேட வேண்டியதில்லை. 2024 செப்டெம்பரில் நடந்த ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சில வினாக்கள் முன்கூட்டியே வெளியானது உனக்கு நினைவிருக்கும். மூன்று இலட்சத்துக்கும் அதிகமான சின்னப் பிள்ளைகள் எழுதிய பரீட்சை அது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், அந்த வருஷத்தின் கடைசி நாளில் தீர்ப்பு வந்தது: வெளியான மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி. அந்த நிலைமையில் அதைவிட நியாயமான வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதன் பொருள் என்ன என்று யோசி. அந்த மூன்று வினாக்களுக்கும் தானாகவே சரியான விடை தெரிந்து எழுதிய பிள்ளையின் உழைப்பு, ஒன்றும் தெரியாமல் விட்ட பிள்ளையின் வெற்றிடத்தோடு சமமாகிவிட்டது. களவு செய்தவர்கள் யாரோ, பறிபோனது படித்த பிள்ளையின் புள்ளி. அதே வருஷம் ஜனவரியில் உயர்தர விவசாய விஞ்ஞான வினாத்தாளின் இரண்டாம் பகுதி வெளியானபோது, ஒரு தப்பும் செய்யாத மாணவர்களும் மறுபடி போய் உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. உன் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நடப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். பல்கலைக்கழகத்தை ஏமாற்றுவதாக அவர்கள் நினைக்கிறார்கள். கை வைப்பது உன் புள்ளியில்.

இனி கமராவுக்கு வருவோம். இங்கே நான் உன் கட்சி. கணினி மென்பொருள் முகத்தைப் பார்த்துக் கள்ளத்தைக் கண்டுபிடிக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் மிகவும் மெலிந்தது. நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்து 2021இல் வெளியிட்டார்கள். 30 மாணவர்களைப் பரீட்சைக்கு இருத்தி, அதில் 6 பேரை வேண்டுமென்றே கொப்பி அடிக்கச் சொன்னார்கள். புரொக்டோரியோ என்ற பிரபலமான மென்பொருள் அந்த ஆறு பேரில் ஒருவரையும் பிடிக்கவில்லை. பதிவுகளைப் பார்த்த மனிதர்கூட ஒருவரைத்தான் கண்டார். மருந்து என்று சொல்லிக் கொடுக்கும் வெறும் மாத்திரைக்கு ஒப்பானது இது என்பதே ஆய்வாளர்களின் முடிவு: வேலை செய்யும் என்று மாணவர்கள் நம்புகிற அளவுக்குத்தான் பயன். சோதனை சிறியது என்பது உண்மை. ஆனால் இப்படிப்பட்ட கருவி நன்றாகவே வேலை செய்தாலும் கணக்கு எங்கே இடிக்கிறது என்று பார். ஆயிரம் பேர் எழுதுகிற பரீட்சையில் ஐம்பது பேர் கள்ளம் செய்கிறார்கள் என்றும், கருவி அந்த ஐம்பது பேரையும் தவறாமல் பிடிக்கிறது என்றும், நேர்மையாக எழுதுகிறவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரை மட்டும் பிழையாகச் சந்தேகிக்கிறது என்றும் வைத்துக்கொள். மிச்சம் 950 பேரில் 47 அல்லது 48 பேர் சும்மா மாட்டிக்கொள்வார்கள். பட்டியலில் உள்ள பெயர்களில் பாதி கிட்ட அப்பாவிகளின் பெயர். ஆகவே பட்டியலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் எந்த நிறுவனமும் நாணயம் சுண்டுவது போலத்தான் தண்டனை கொடுக்கிறது.

இது கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்காவின் டார்ட்மவுத் மருத்துவக் கல்லூரியில் 2021இல் 17 மாணவர்கள் பரீட்சை நேரத்தில் பாடக் குறிப்புகளைத் திறந்து பார்த்தார்கள் என்று கணினிப் பதிவுகளை வைத்துக் குற்றம் சாட்டினார்கள். போனும் டேப்லட்டும் யாரும் தொடாமலே தாமாகப் பக்கங்களைப் புதுப்பிக்கும் என்பது பிறகு தெரியவந்தது. குற்றச்சாட்டுகளை எல்லாம் கைவிட்டு, கல்லூரித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் 2021 பெப்ரவரியில் கணினிக் கண்காணிப்போடு நடத்திய பருவத் தேர்வு எப்படி முடிந்தது? பெரும் எண்ணிக்கையில் மாணவர்கள் தோற்றார்கள், முறைகேட்டுச் சந்தேகத்தில் பலருடைய பெறுபேறுகள் நிறுத்திவைக்கப்பட்டன, கடைசியில் மே மாதம் அங்கே உயர்கல்வி அமைச்சராக இருந்த பொன்முடி மறுதேர்வு அறிவிக்க வேண்டி வந்தது. எழுதியவர்களும் களைத்தார்கள், நடத்தியவர்களும் களைத்தார்கள், யார் படித்தவர் என்பது மட்டும் தெளிவாகவில்லை.

நம் பக்கத்து நிலைமை இன்னும் ஒரு படி கஷ்டம். கொரோனா காலத்தில், 2021இல், பதுளை மாவட்டத்தின் போகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் காட்டு வழியே நடந்து, பாறையில் ஏறி, சிக்னல் தேடிப் படித்த செய்தியும் படமும் உலகம் முழுக்கப் போயின. அடுத்த வருஷம் மார்ச் கடைசியில் நாடெங்கும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ரங்கல, ஹுன்னஸ்கிரிய பக்கத்து லயத்தில் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிற வீட்டில், பின்னால் தம்பி நடந்து போனதற்காகவும் தொடர்பு அறுந்ததற்காகவும் ஒரு பிள்ளை சந்தேகப் பட்டியலில் விழுந்தால், அங்கே கள்ளத்துக்கு வேலையே இல்லை, வறுமைக்குத்தான் தண்டனை. வீட்டு அறையைக் கமராவால் சுற்றிக் காட்டச் சொல்வதையும் எல்லா நாடும் ஏற்கவில்லை. ஒஹாயோவில் கிளீவ்லாந்து அரச பல்கலைக்கழகத்துக்கு எதிரான வழக்கில், அப்படிக் காட்டச் சொன்னது அரசியலமைப்புக்கு முரணான சோதனை என்று 2022 ஓகஸ்டில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் தீர்த்தது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் என் முடிவு மாறவில்லை. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தை நினைத்துப் பார். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோவைக் கழிக்கிறார்கள், தராசு சரியில்லை என்று தொழிலாளர் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறார்கள். ஒரு தடவையாவது தராசை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார்களா? கேட்க மாட்டார்கள். நிறுவை இல்லாவிட்டால் நிறையப் பறித்தவளுக்குத்தான் முதல் நட்டம் என்று அவர்களுக்குத் தெரியும். நல்ல தராசு கொண்டுவா, எங்கள் கண்முன்னே நிறு, கழித்ததற்குக் கணக்குக் காட்டு என்பதுதான் அவர்களுடைய கோரிக்கை. உன் கோரிக்கையும் அந்தத் திசையில்தான் போக வேண்டும்.

எல்லாரும் செய்கிறார்களே என்று நீ எழுதியதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். ஏனென்றால் ஆராய்ச்சியும் அதன் பலத்தைச் சொல்கிறது. அமெரிக்காவில் மக்கேப், ட்ரெவினோ என்ற இருவர் 31 கல்வி நிறுவனங்களில் ஆறாயிரம் மாணவர்களைக் கேட்டு 1993இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாணவர் கள்ளம் செய்வாரா மாட்டாரா என்பதோடு மிக நெருக்கமாகத் தொடர்புபட்டது தண்டனைப் பயம் அல்ல, கூடப் படிக்கிறவர்களின் நடத்தை என்று கண்டார்கள். இதை நீ உனக்குச் சாக்காக எடுக்கலாம். திருப்பிப் போட்டும் படிக்கலாம்: நீ ஒருத்தி குழுவில் சேராமல் இருப்பது உன் அயலில் நாலு பேருடைய கணக்கை மாற்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத நாலு பேர்தான். ஆனால் குழு பெருத்ததும் இப்படி ஒவ்வொருவராகச் சேர்ந்துதான்.

வேலைக்குத் தேவை சேர்டிபிகேட் மட்டும்தானே என்று உன் தோழி சொன்னதற்கு நீண்ட பதில் வேண்டாம். கணக்கியல் தெரியாத கணக்காளரையும் மருந்தளவு தெரியாத தாதியையும் வேலைக்கு எடுத்த இடம் இரண்டாம் மாதமே கண்டுபிடிக்கும். பிறகு அந்தப் பட்டத்தோடு வருகிற அடுத்த விண்ணப்பத்தை அது திறந்துகூடப் பார்க்காது. அந்த அடுத்த விண்ணப்பம் உன்னுடையதாக இருக்கலாம்.

மனப்பாடத்தைச் சோதிக்கிற பரீட்சைக்கு எதற்குக் காவல் என்ற கேள்வி இன்னும் கனமானது. உண்மைதான், புத்தகத்தில் ஒரு நிமிஷத்தில் தேடி எடுக்கக்கூடியதைக் கேட்டுவிட்டுப் புத்தகத்தைப் பார்க்காதே என்று காவல் போடுவது வினாத்தாள் செய்தவரின் சோம்பல். புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் பரீட்சை, ஒப்படை எல்லாம் அந்த வகையில் மேலானவை. ஆனால் 2022 நவம்பர் 30இல் சட்ஜிபிடி வந்த பிறகு, வீட்டிலிருந்து எழுதிய ஒப்படை யாருடையது என்று சொல்வது முன்னைவிடக் கடினமாகிவிட்டது. இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவிகளும் கைகொடுக்கவில்லை. சட்ஜிபிடியை உருவாக்கிய நிறுவனமே தான் வெளியிட்ட அப்படியான கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் திரும்ப எடுத்துக்கொண்டது. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத மாணவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்காகச் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியவை என்று பிழையாகச் சொல்லின. எளிய சொற்களில், பழகிய வாக்கிய அமைப்பில் எழுதுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். ஆங்கில மொழிமூலத்தில் படிக்கும் மலையகத்துப் பிள்ளைகளுக்கு இது நேரடி ஆபத்து. ஆகவே காவல் இல்லாத ஒப்படையே போதும் என்ற வாதம் உன்னைக் காப்பாற்றாது. ஒரு மனிதர் உன்னைக் கண்ணால் பார்க்கிற இடத்தில், உன் விடை உன்னுடையது என்று நிறுவ ஒரு சந்தர்ப்பம் உனக்கு வேண்டும்.

அதனால் நீயும் உன்னோடு படிக்கிறவர்களும் எழுத நினைக்கிற மனுவில் கமராவை ஒழி என்பதோடு நிறுத்தாதே. பக்கத்தில் ஒரு பரீட்சை நிலையம் கேள். திறந்த பல்கலைக்கழகத்துக்குப் பொல்கொல்லயில் பிராந்திய நிலையம் இருக்கிறது. உன் நிறுவனமும் கண்டியில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, மேற்பார்வையாளர் வைத்து நடத்தலாம். திகன, குண்டசாலை கடந்து பஸ்ஸில் போவது அலைச்சல்தான். ஆனால் அங்கே மின்சாரமும் கதிரையும் மௌனமும் எல்லாருக்கும் ஒன்று. மண்டபம் முடியாத பாடங்களுக்கு, ஒப்படையை வைத்துப் பத்து நிமிஷம் வாய்மொழிப் பரீட்சை கேள். தான் எழுதியதைத் தானே விளக்க முடியாதவரை அது எந்தக் கருவியையும்விட விரைவாகக் காட்டும். கமராதான் என்றால், கணினியின் சந்தேகத்தை மட்டும் வைத்து ஒருவரையும் தண்டிக்கக்கூடாது, பதிவைப் பார்த்து மனிதர் முடிவெடுக்க வேண்டும், மாணவருக்குப் பதில் சொல்லவும் மேன்முறையீடு செய்யவும் இடம் வேண்டும், தொடர்பு அறுந்தால் மறுபடி எழுத வழி வேண்டும் என்று எழுது. பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்ப்பார் என்றும் கேள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டால் கேள்விக்குக் கனம் கூடும்.

மனுவில் கையெழுத்து வைக்கிறவர்கள் அந்த வாட்ஸ்அப் குழுவிலும் இருந்தால், முதல் விசாரணையிலேயே உங்கள் வாதம் விழுந்துவிடும். கையெழுத்து வாங்குமுன் அதை வெளிப்படையாகவே சொல்லு. உன் ஒப்படைகளின் வரைவுகளையும், கையால் எழுதிய குறிப்புகளையும் திகதியோடு ஒரு கோப்பில் சேர்த்து வை. நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் அவற்றை மேசையில் வைக்கலாம். மனுவை எழுதி முடித்ததும் ஒரு பிரதி எனக்கு அனுப்பு. தமிழிலும் ஆங்கிலத்திலும் சரிபார்த்து, அந்த வாரத்துக்குள் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா