பிரசவத்துக்குப் பின் பெண்ணின் குணம் மாறுவது ஏன்?

குழந்தை பிறந்த வீடு கலகலப்பாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறோம். வருகிறவர்கள் பிள்ளையைப் பார்த்து மாஷா அல்லாஹ் சொல்கிறார்கள். என்ன பெயர் வைப்பது, அகீகா எப்போது என்று பேச்சு நடக்கிறது. பிள்ளையைப் பெற்றவள் மட்டும் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறாள். இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் அழுகிறாள். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வீட்டார் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: திமிர், சோம்பல், தாய் வீட்டுச் செல்லம்.

கணவன் மனைவி பிணக்கு என்று நம்மிடம் வரும் சில விவகாரங்களை நூல் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், அது ஒரு பிரசவத்தில் போய் நிற்கிறது. "அதுவரை நல்லாத்தான் இருந்தா" என்கிறார்கள். அந்தச் சொல்லிலேயே விஷயம் இருக்கிறது. நல்லாயிருந்த ஒருத்தியின் குணம் பத்து நாளில் கெட்டுப்போகாது. உடலில் ஏதோ நடந்திருக்கிறது. அது என்ன என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி பிள்ளைக்கு உணவு கொண்டுபோகும் வழி மட்டுமல்ல. அது ஒரு ஹார்மோன் தொழிற்சாலை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டையும் மாதக்கணக்கில் ஏராளமாகச் சுரந்து தாயின் இரத்தத்தில் விடுகிறது. பிரசவத்தில் நஞ்சு விழுந்ததும் அந்தத் தொழிற்சாலை மூடப்படுகிறது. மாதக்கணக்கில் ஏறியது சில நாள்களில் சரிந்துவிடுகிறது.

இந்தச் சரிவு கருப்பையோடு நின்றுவிடுவதில்லை, மூளைக்கும் போகிறது. புரோஜெஸ்டிரோனிலிருந்து உடல் அலோபிரெக்னனலோன் என்ற ஒரு பொருளைத் தயாரிக்கிறது. மூளையில் காபா என்றொரு வேதிப்பொருள் இருக்கிறது. நரம்புகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக் என்று அதைச் சொல்லலாம். அலோபிரெக்னனலோன் அந்த பிரேக்குக்குக் கூடுதல் பிடி கொடுக்கிறது. அது திடீரென்று குறையும்போது சில பெண்களின் மூளை புதிய நிலைக்குப் பழக முடியாமல் திணறுகிறது. சின்னச் சத்தம் பெரிதாகக் கேட்கிறது, சின்னச் சொல் பெரிதாகக் குத்துகிறது. இது வெறும் ஊகமல்ல. இதே பொருளை மருந்தாகச் செய்து, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்குக் கொடுக்க 2019ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி தந்தது.

பிள்ளை பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு முதல் வாரத்தில் காரணமில்லாத அழுகையும் எரிச்சலும் வருகின்றன. இரண்டு வாரத்துக்குள் அது தானாகவே அடங்கிவிடும். தூக்கமும் ஆதரவும் போதும், மருந்து தேவையில்லை. இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் அது வேறு. அதைத்தான் மருத்துவர்கள் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்கிறார்கள். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஒரு கணக்குப்படி, பிரசவித்த தாய்மார்களில் 22 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. ஐந்து பேரில் ஒருவர். நம் தெருவில் இந்த வருடம் பிள்ளை பெற்றவர்களை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

இதைச் சொன்னதும் மூத்த பெண்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "நாங்களும்தான் ஆறு பெத்தோம், எங்களுக்கு இதெல்லாம் வரலையே?" நியாயமான கேள்விதான். இதற்கு விடை தருகிற ஒரு சோதனை அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில் நடந்து, 2000ஆம் ஆண்டு வெளியானது. கர்ப்பமில்லாத, நல்ல மனநிலையில் இருந்த 16 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் 8 பேருக்கு முன்பொரு பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்திருந்தது. மற்ற 8 பேருக்கு வந்ததில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கொடுத்து, கர்ப்ப காலம் போல உயர்த்தி, பிறகு நிறுத்தினார்கள். மருந்து எப்போது நிறுத்தப்பட்டது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. முன்பு மனச்சோர்வு வந்த 8 பேரில் 5 பேருக்கு மனநிலை மீண்டும் சரிந்தது. மற்ற 8 பேரில் ஒருவருக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை.

ஹார்மோன் அளவு இரு தரப்புக்கும் ஒன்றுதான். அதை ஏற்கும் மூளைதான் வேறு. ஒரே குளிர்காற்றில் ஒருவருக்கு ஆஸ்துமா இழுக்கிறது, பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றுமில்லை. அதை யாரும் திமிர் என்று சொல்வதில்லை. மூத்த பெண்களுக்கு வரவில்லை என்றால் அது அவர்களுக்குக் கிடைத்த பாக்கியம். அல்லது வந்திருந்தும் அதற்கு அன்று யாரும் பெயர் வைக்கவில்லை.

ஆக்ஸிடோசின் என்ற பெயர் இப்போது பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடுகிறது. பிரசவ அறையில் வலி கூட்டுவதற்காக டிரிப்ஸில் ஏற்றுகிறார்களே, அதுதான். 1906இல் இங்கிலாந்தின் ஹென்றி டேல், பிட்யூட்டரி சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்க வைக்கிறது என்று கண்டார். 1953இல் வின்சென்ட் டு விக்னோ அதைச் செயற்கையாகத் தயாரித்தார். 1955இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பால் இறங்குவதற்கும் இதுதான் காரணம். தாய்க்கும் பிள்ளைக்கும் பிணைப்பு உண்டாவதிலும் இதற்குப் பங்கிருக்கிறது என்று பின்னால் தெரிந்ததும் "அன்பு ஹார்மோன்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பெயர் எங்களுக்கு அவ்வளவு பொருத்தமாகப் படவில்லை. 2010இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஆண்களுக்கு மூக்கு வழியாக ஆக்ஸிடோசின் கொடுத்துப் பார்த்தார்கள். தன் கூட்டத்தாரிடம் நம்பிக்கை கூடியது. வெளியாள் மிரட்டலாகத் தெரிந்தபோது தற்காப்பும் கூடவே கூடியது. பாலூட்டும் விலங்குகளிடம் இதை நேரிலேயே பார்க்கலாம். குட்டி போட்ட பூனை, தினமும் சோறு வைக்கிறவரையே சீறும். புதிதாகப் பெற்றவள் பிள்ளையை யார் கையிலும் கொடுக்கத் தயங்குவதும் இந்த வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். மாமிக்கு அது அவமரியாதையாகப் படுகிறது. "என் மகன் பிள்ளையை நான் தூக்கக் கூடாதா?" என்று பிரச்சினை தொடங்குகிறது. சில வாரம் விட்டுப் பிடித்தால் இந்தப் பிரச்சினைக்கே இடமிருக்காது.

தகப்பன்மாரின் உடலும் மாறுகிறது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரில் 600க்கும் மேற்பட்ட இளைஞர்களை நான்கரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். மணமாகித் தகப்பனானவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கணிசமாகக் குறைந்தது. அதிலும் தினமும் மூன்று மணி நேரம் அல்லது அதற்கு மேல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு, பிள்ளைப் பராமரிப்பில் சேராதவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஆண்மை போய்விடும் என்று யாரும் பயப்பட வேண்டாம். இது நோயல்ல, உடல் தன் வேலையை மாற்றிக்கொள்வது. பிள்ளையைத் தூக்கிச் சுமக்கிறவனை அந்தச் சுமப்பே தகப்பனாக்குகிறது. வளைகுடாவில் இருந்துகொண்டு வீடியோ காலில் பிள்ளையைப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இது கிடைப்பதில்லை. ஒரு மாத விடுப்பைக் கல்யாண வீடுகளுக்கு என்று வைக்காமல் பிரசவத்துக்கு ஒதுக்க முடிந்தவர்கள் ஒதுக்கலாம்.

கூட இருப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இன்னொரு சோதனையைச் சொல்கிறோம். 2006இல் வெளியானது, அமெரிக்காவில் நடந்தது. மணமான 16 பெண்களை ஸ்கேன் இயந்திரத்தில் படுக்க வைத்து, சிறிய மின்அதிர்ச்சி வரப்போகிறது என்று எச்சரித்தார்கள். தனியாக இருந்தபோது மூளையில் அபாயத்தை உணரும் பகுதிகள் விழித்துக்கொண்டன. அறிமுகமில்லாத ஒருவர் கையைப் பிடித்தபோது சற்றுக் குறைந்தது. கணவன் கையைப் பிடித்தபோது இன்னும் நன்றாகக் குறைந்தது. கணவனோடு நல்ல உறவில் இருந்த பெண்களுக்கு மிக அதிகமாகக் குறைந்தது. வீட்டார் சொல்லும் சொல்லும், பிடிக்கும் கையும் அவள் மூளையின் வேதியியலுக்குள் போகின்றன. ஹார்மோன் செய்கிற வேலையைப் பாதி வீடும் செய்கிறது.

இங்கே நம் வழக்கம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெற்றவளை 40 நாள் வேலை வாங்காமல், பத்தியச் சோறு போட்டு, ஆள் துணையோடு வைத்திருப்பது மிக நல்ல வழக்கம். ஆனால் நாற்பது குளித்ததும் எல்லாம் முடிந்தது என்று ஆகிவிடுகிறது. மறுநாளே அடுப்படிக்குப் போகிறாள், துணைக்கு இருந்த உம்மா ஊருக்குப் போய்விடுகிறார். இந்த மனச்சோர்வோ இரண்டாவது மாதத்தில், சிலருக்கு நான்காவது ஐந்தாவது மாதத்தில்கூடத் தலைகாட்டும். கவனிப்பு நிற்கிற இடத்தில் நோய் தொடங்குகிறது.

எதைக் கவனிப்பது? பிள்ளை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வராதது, பிடித்த சோறு இறங்காதது, பிள்ளையைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை என்பது, "நான் நல்ல உம்மா இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்வது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். தைராய்டு, இரத்தச் சோகை இரண்டுக்கும் சோதித்துவிடச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு கெடுவதும் இதே போலத் தோன்றும். 1987இல் எடின்பரோவில் உருவாக்கிய பத்துக் கேள்விப் படிவம் ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. பதில் சொல்ல ஐந்து நிமிடம் போதும். பாலூட்டும்போது சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. அதைச் சொல்லிக் கேட்டால் டாக்டர் அதற்குத் தக்கபடி எழுதித் தருவார். மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது.

ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு வருவது இன்னும் கடுமையானது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே வரும். தூக்கமே இருக்காது, இல்லாத குரல் கேட்கும், பிள்ளையைப் பற்றி விபரீதமாகப் பேசுவாள். ஜின் பிடித்திருக்கிறது என்று தாயத்துக்கு அலைவது இந்த நேரத்தில்தான். ஓதிப் பார்க்க விரும்புகிறவர்கள் ஓதிக்கொள்ளட்டும், ஆனால் அன்றைக்கே, அதே மணி நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தாயையும் பிள்ளையையும் தனியே விடக் கூடாது. தன்னையோ பிள்ளையையோ முடித்துவிடுவது பற்றி ஒரு பெண் பேசினாலும் இதேதான். முறையான சிகிச்சை கிடைத்தால் இது குணமாகும்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும், தமிழிலும், கட்டணமில்லாமல் கிடைக்கும். அந்தப் பெண்தான் பேச வேண்டும் என்பதில்லை. அவளுக்காகக் கணவனோ மாமியோ பேசலாம்.