பில்ட்டின்ஸில் கைவைப்பது பற்றி: ஜார்ஜ்டவுன் இளம் நிரலாளருக்கு ஒரு கடிதம்

பைத்தானில் மாட்யூலுக்கு மாட்யூல் பெயர்வெளி தனி. பெயரைத் தேடி எல்லா மாட்யூல்களும் கடைசியாகப் போய்ச் சேரும் பில்ட்டின்ஸ் மட்டும் பொது. அதில் வைத்த ஃபங்ஷன் இம்போர்ட் இல்லாமலே எங்கும் கிடைக்கும். பினாங்கின் ஜார்ஜ்டவுன் தெருப்பெயர்களை எழுத்தெண்ணி வரிசைப்படுத்தும் இளைஞரின் ஸ்கிரிப்ட் இந்த வசதியை நாடியிருக்கிறது. முதல் கோப்பிலேயே பில்ட்டின்ஸில் நீளம் சொல்லும் ‘லென்’ மாற்றப்பட்டு, சரம் எதைக் கொடுத்தாலும் தமிழ் எழுத்துகளை எண்ணுகிறது.

தேவை உண்மையானது. ‘பினாங்கு’ 4 எழுத்து. அசல் லென் 8 என்கிறது. யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதே காரணம். எண்ணும் ஃபங்ஷனும் அபாரம்: ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இரண்டையும் அது பிசகாமல் ஒவ்வோர் எழுத்தாகக் கொள்கிறது. அனுபவசாலிகளே சறுக்கும் இடம் அது.

அதை வைத்த இடம்தான் பொறுக்க முடியாதது. லென் சொல்லும் அளவை நம்பிச் சரத்தைக் குறியீடு குறியீடாகப் படிக்கும் எந்த நூலகமும் இனி அந்தச் சொல்லில் நான்காவது குறியீட்டோடு நின்றுவிடும். ‘பினாங்கு’ ‘பினா’ ஆகும். பிழைச்செய்தியும் வராது.

மலேசியத் தமிழருக்கு இந்தத் தொல்லை பழக்கமானது. முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கிய தலைமுறை, எழுத்துருவுக்கொரு குறியீட்டு முறையோடு மல்லாடியது. ஓரிடத்தில் தட்டச்சிட்ட தமிழ், வேறு எழுத்துரு உள்ள கணினியில் குப்பையாய்த் தெரிந்தது. ஒரே எண் எல்லா இடத்திலும் ஒரே எழுத்தைக் குறிக்கும் என்ற உடன்பாட்டை யூனிகோடு தந்த பிறகே அது ஓய்ந்தது. லென் என்ற பெயரும் அப்படியோர் உடன்பாடு. தனியொருவர் அதைக் கலைக்கலாகாது.

பொது ஃபங்ஷன்களுக்கு ஒரு மாட்யூல் போதும். பத்துக் கோப்புகள் இம்போர்ட் செய்தாலும் பைத்தான் அதை ஒருமுறைதான் இயக்கும். வேகம் குறையும் என்ற அச்சம் வீண். நட்சத்திரக்குறி இம்போர்ட்டும் கூடாது. எந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது கோப்பின் தலைப்பிலேயே தெரிய வேண்டும். நிரல் ஒழுக்கத்தில் இதற்கு மேல் ஒன்றில்லை. மொழிபெயர்ப்புக்கான கெட்டெக்ஸ்ட், அடிக்கோட்டை ஒரு ஃபங்ஷன் பெயராக பில்ட்டின்ஸில் நிறுவ வழி தருவது உண்மைதான். அது புதுப் பெயரைச் சேர்க்கிறது, இருக்கும் பெயரின் பொருளை மாற்றுவதில்லை.

பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் ஏற்கும். அந்த நல்ல ஃபங்ஷனுக்கு ‘எழுத்தெண்ணிக்கை’ என்றே பெயரிட்டு, வேண்டிய கோப்பில் மட்டும் இம்போர்ட் செய்வதே முறை.