சமையலறை அலமாரிக்கு மேலே என்ன ஒட்டலாம்?

தில்லியில் சமையலறையைப் புதுப்பிக்கக் கிளம்பும் நம்மவர்களில் பலர் முதலில் போய் நிற்கும் இடம் கீர்த்தி நகர். கடைக்காரர் கண்ணாடிபோல் மின்னும் அக்ரிலிக் கதவைத் திறந்து காட்டுவார். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதவு நம் வீட்டில் என்னவெல்லாம் தாங்க வேண்டியிருக்கும் என்று யோசித்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். மயூர் விஹாரில் எங்கள் சமையலறைக்கு அலமாரி செய்தபோது விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இவ்வூர்த் தட்பவெப்பம். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும். 'லூ' என்னும் அனல்காற்று மரத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஜூலை, ஆகஸ்டில் அதே மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். அதனால் முழு மரக் கதவுகள் கோடையில் இடைவெளி விடும், மழையில் இறுகும். ப்ளைவுட்டில் மெல்லிய தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதால் இந்தத் தொல்லை குறைவு.

அடுத்தது நம் சமையல். தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய், இட்லிப் பானையின் ஆவி, இவற்றோடு மஞ்சள். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். எனவே வெள்ளைக் கதவில் பட்ட சாம்பார்க் கறை வெறும் ஈரத்துணிக்கு மசியாது. உடனே சோப்பு நீரால் துடைக்க வேண்டும். மிஞ்சியது வெயில் பட்டால் மங்கும், ஆனால் எத்தனை வீட்டுச் சமையலறைக்கு வெயில் வருகிறது!

இதையெல்லாம் தாங்குவது, என் கணிப்பில், நாம் 'சன்மைகா' என்று பொதுவாகச் சொல்லும் லாமினேட். பிசினில் தோய்த்த காகிதங்களை அடுக்கி, வெப்பமும் அழுத்தமும் கொடுத்துச் செய்வது அது. வெளிக் கதவுக்கு 1 மி.மீ. தடிமன் கேளுங்கள். ஆழமான வரிகள் உள்ளது வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு அதில் குடியேறிவிடும். கதவின் உட்புறமும் லாமினேட் ஒட்டச் சொல்லுங்கள். செலவைக் குறைக்க உள்ளே வெறும் பெயிண்ட் அடித்தால் இரு பக்கமும் ஈரத்தை ஒரே மாதிரி வாங்காமல் கதவு வளைந்துவிடும்.

அக்ரிலிக் துடைக்க எளிது, கீறல்தான் விழும். கம்பிநாரைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. போர்வெல் தண்ணீர் வரும் குடியிருப்புகளில் அடர்நிறப் பளபளப்புக் கதவில் வெள்ளைப் புள்ளிகள் நன்றாகவே தெரியும். எம்.டி.எஃப். பலகைமேல் பி.வி.சி. தாள் ஒட்டியதை அடுப்பருகே வைக்காதீர்கள். சூட்டில் தாள் விளிம்பில் பிரியும், பிரிந்த இடத்தில் ஈரம் புகுந்தால் பலகை ஊறும்.

மேலே எதை ஒட்டினாலும் உள்ளே இருக்கும் பலகை முக்கியம். ஸிங்க் அடியிலாவது ஐ.எஸ். 710 தரமுள்ள மரைன் ப்ளைவுட் போடுங்கள். இந்த எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் பலகையிலேயே அச்சிட்டிருக்கும். உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம். பலகையை அறுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். அறுத்த விளிம்பு ஒவ்வொன்றிலும், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம் உட்பட, பட்டி ஒட்ட வேண்டும். ஈரம் நுழையும் வாசல் அதுதான். மிஸ்திரி "ஜரூரத் நஹீன்" என்பார், விடாதீர்கள்.

தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவும் பழக்கத்தை நம் வீட்டுப் பெண்கள் தில்லிக்கு வந்தும் விடவில்லை. ஆகவே கீழ் அலமாரி தரையில் உட்காராமல் 4 அங்குல பிளாஸ்டிக் கால்களில் நிற்கட்டும். முன்னால் மறைக்கும் பலகை கழற்றி மாட்டும்படி இருந்தால் பெருக்கவும் வசதி, கரையான் வந்தாலும் கண்ணில் படும்.

வேலையை மழைக்காலம் முடிந்ததும் தொடங்குவது நல்லது. மிஸ்திரி பீஹார்க்காரராக இருந்தால் தீபாவளி, சட் பூஜைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் நாளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.